கணவனின் கொடுங்கோலுக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல்லாம், தமிழில் என்ன போடுவது?

கொள்ளிடக்கரை:

வணக்கம். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக முழிக்கிறேன், யாராவது கை கொடுங்கள். சிற்றிதழ் ஒன்றுக்காக ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கல்யாணமான பெண்களின் நிலைமை பற்றியது, ஆனால் எழுதியவர் நடுநடுவே தன் சொந்த அப்பாவையும் இழுத்துவிடுகிறார். அவர் வந்து உட்காரும்வரை மேஜையில் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது, அம்மா கடைக்குப் போய் வந்தால் மிச்சச் சில்லறையை அவர் கண் முன்னால் எண்ணி வைக்க வேண்டும், அம்மாவுக்கு வரும் கடிதத்தை முதலில் பிரிப்பவர் அவர்தான். இப்படி ஒன்றரைப் பக்கம் சொல்லிவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வைக்கிறார்: மாரிட்டோடெஸ்பாட்டிசம்.

என்னிடம் இருக்கும் இரண்டு அகராதியிலும் இந்தச் சொல் இல்லை. அபூர்வச் சொற்கள் என்று தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்களில் மட்டும் அகப்படுகிறது, கணவன் இரக்கமில்லாமல் ஆதிக்கம் செலுத்துவது என்று ஒற்றை வரி விளக்கத்தோடு.

முதலில் ‘ஆணாதிக்கம்’ என்று போட்டேன். இதழாசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார், அவர் சொன்னதும் சரிதான். ஆணாதிக்கம் தெருவிலும் இருக்கிறது, அலுவலகத்திலும் இருக்கிறது, அண்ணன் தம்பியிடமும் இருக்கிறது. இது அதில்லை, தாலி கட்டியவன் என்ற ஒரே தகுதியில் ஒருவன் நடத்தும் ராஜ்ஜியம். ‘கணவாதிக்கம்’ என்றால் ஏதோ லேகியத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. ‘கணவக் கொடுங்கோன்மை’ பொருளில் சரி, ஆனால் மூலத்தில் அந்த இடத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு இருக்கிறதே, அது போய்விடுகிறது.

இரண்டு கேள்வி. இந்தச் சொல்லின் பிறப்பு என்ன? தமிழில் இதற்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை நாமே செய்ய வேண்டுமா?


சும்மா_சுப்பன்:

இதற்கெல்லாம் தனிச் சொல் வேறு வேண்டுமா மேடம். பொண்டாட்டி ராஜ்ஜியத்துக்கு ஒரு சொல் கண்டுபிடித்துக் கொடுங்கள், நாட்டில் பாதிப் பேர் உங்களுக்குக் கோயில் கட்டுவார்கள். அதற்குத்தான் இன்னும் பெயரே வைக்கவில்லை.


ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தங்கச்சி, 34 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் இரண்டு துண்டு. முன்பாதி ‘மரீட்டஸ்’, லத்தீனில் கணவன். பின்பாதி ‘டெஸ்பாட்டீஸ்’, கிரேக்கத்தில் எஜமான். லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டுப்போட்டுச் செய்த மணிப்பிரவாளம். டெலிவிஷன்கூட அப்படி ஒட்டின சொல்தான், ஆனால் அது பிழைத்துக்கொண்டது. இது பிழைக்கவில்லை. படித்த மனிதர்கள் சின்ன விஷயத்துக்குப் பெரிய வேட்டி கட்டிவிட்டுச் சிரிக்கும் வகைச் சொல் இது, அதனால்தான் உங்களுக்கு அந்த நமுட்டுச் சிரிப்பு காதில் விழுகிறது.

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருகிறேன். ‘டெஸ்பாட்’ என்றால் நாம் உடனே கொடுங்கோலன் என்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் அதன் அடிப்பொருள் வீட்டின் தலைவன், அவ்வளவுதான். முதல் அசை வீடு, பின்னால் வருவது தலைவன். பழைய காலத்தில் அது மரியாதைச் சொல்லும்கூட. பைசாந்தியப் பேரரசில் அரச குடும்பத்தாருக்குக் கொடுத்த பட்டம் அது, கிரேக்கத் திருச்சபையில் இன்றைக்கும் பிஷப்பை அப்படித்தான் அழைக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய காலத்தில்தான் முழு வசவாக மாறிப்போனது.

இந்தச் சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் தினம் பார்க்கிறோம். ‘தம்பதி’. ‘தம்’ என்றால் வீடு, ‘பதி’ என்றால் தலைவன். டெஸ்பாட்டில் இருக்கும் ‘பாட்’டும் நம் ‘பதி’யும் ஒரே வேர். ரிக் வேதத்தில் தம்பதி என்று ஒருமையில் வந்தால் வீட்டுத் தலைவன், இருமையில் வந்தால் அந்த வீட்டுத் தலைவனும் தலைவியும். நாம் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டோம். ‘தம்பதி சமேதராக வந்து வாழ்த்துங்கள்’ என்று அச்சடிக்கும்போது டெஸ்பாட்டுக்குத்தான் அழைப்பு வைக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்!

இன்னும் ஒன்று. ‘ஹஸ்பெண்ட்’ என்ற சாதாரணச் சொல்லே வைக்கிங் காரர்கள் கொண்டுவந்தது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஹூஸ்’ வீடு, ‘போன்டி’ அதில் குடியிருந்து ஆள்பவன். ஆகவே கிரேக்கனும் வைக்கிங்கும் வேத காலத்து ஆளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நாமும்தான். கணவனைத் தமிழ்ப் பெண்கள் என்னவென்று சொல்கிறார்கள்? ‘எங்க வீட்டுக்காரர்’.

டெஸ்பாட் என்பதற்கு எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பு வீட்டுக்காரர். வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், பெண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு ‘இல்லாள்’ என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது, வீட்டை உடையவள். அதற்கு ஆண்பால் போட்டால் ‘இல்லான்’, ஒன்றுமே இல்லாதவன். பழைய பண்டிதர்கள் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கும் ஜோக். ஆனால் சொல்லில் வீடு கிடைத்ததே தவிரப் பத்திரத்தில் எத்தனை பெண்ணுக்குக் கிடைத்தது என்பது வேறு கணக்கு.


கொள்ளிடக்கரை:

ஐயா, தம்பதி விஷயம் தலையைச் சுற்ற வைத்துவிட்டது. நன்றி.

சுப்பன் சார், நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். பொண்டாட்டி ராஜ்ஜியத்துக்குச் சொல் இல்லையா? ஆங்கிலத்தில் ‘ஹென்பெக்ட்’ இருக்கிறது, கோழி கொத்தின சேவல். ‘பெட்டிகோட் கவர்ன்மென்ட்’ இருக்கிறது, பாவாடை அரசாங்கம். ‘அக்ஸோரியஸ்’ இருக்கிறது, மனைவிமேல் அளவுக்கு மீறிப் பித்தாக இருப்பவன். இதெல்லாம் அபூர்வப் பட்டியலில் தேட வேண்டியதில்லை, எந்த அகராதியிலும் கிடைக்கும். அக்ஸோரியஸுக்கு ஜோடியாகக் கணவன்மேல் பித்தானவளுக்கு ‘மாரிட்டோரியஸ்’ என்று 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு நாடகத்தில், அதுவும் சிலேடைக்காக, ஒருவர் போட்டுப் பார்த்தார், அதோடு சரி. தமிழுக்கு வந்தால் பொண்டாட்டிதாசன், முந்தானை முடிச்சு, கைக்குள் போட்டுக்கொண்டாள், தலையணை மந்திரம். திருக்குறளில் பெண்வழிச்சேறல் என்று 91ஆம் அதிகாரமே இருக்கிறது, பத்துக் குறள், பெண்டாட்டி சொல்படி நடக்கிறவனைத் திட்டி. கணவனிடம் நசுங்குகிற பெண்ணுக்காக ஒரு அதிகாரம் காட்டுங்கள் பார்க்கலாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கோழி கூவினால்தான் அதிசயம், அதற்குத்தான் பெயர் வைப்பார்கள். சேவல் தினமும் கூவுகிறது, அதற்கு யார் பெயர் வைக்கப்போகிறார்கள். கணவன் மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கியதற்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை, அதன் பெயர் ‘குடும்பம்’.


ஓய்வுபெற்ற_வாத்தியார்:

வள்ளுவருக்காக ஒரு வார்த்தை. அந்த அதிகாரம் பொருட்பாலில் வருகிறது. ஆட்சிப் பொறுப்பில் இருக்கிறவனுக்குச் சொன்னது, அதனால் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி, ‘சரி, அறத்துப்பாலில் மறுபக்கத்தைச் சொல்லியிருக்கலாமே’ என்று கேட்டாள். பதில் இல்லை.


கறுப்புக்கோட்டு:

பெயர் வைக்கவில்லை என்று கொள்ளிடக்கரை அக்கா சொன்னதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பேச்சு வழக்கில் வைக்கவில்லை, ஆனால் சட்டத்தில் வைத்திருந்தார்கள். உங்கள் கட்டுரை விக்டோரியா காலம் என்பதால் இந்தப் பெயர் இல்லாமல் அது நகரவே நகராது: ‘கவர்ச்சர்’. போர்வை போட்டு மூடுவது என்று பொருள். கல்யாணமான பெண் சட்டத்தின் மொழியில் ‘ஃபெம் கவர்ட்’, மூடப்பட்டவள். கல்யாணமாகாதவள் ‘ஃபெம் ஸோல்’, தனியாள். கணவனுக்கு அந்தப் பழைய சட்டப் பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா, ‘பரோன்’. பிரபு. வழக்குப் புத்தகங்களில் கணவன் மனைவி என்ற தலைப்பே பரோனும் பெண்ணும் என்றுதான் இருக்கும். மாரிட்டோடெஸ்பாட்டிசம் என்று யாரோ கிண்டலுக்குச் செய்தார்கள், சட்டம் அதையே கிண்டல் இல்லாமல் எழுதி வைத்திருந்தது.

பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1765இல் வெளியிட்ட சட்ட விளக்கவுரையின் முதல் தொகுதியில் இந்தத் தத்துவத்தை எல்லாரும் மேற்கோள் காட்டும் வடிவத்தில் சொல்லிவிட்டார். கல்யாணத்தால் இருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், பெண்ணின் சட்ட இருப்பு கல்யாணம் நீடிக்கும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. அந்த ஒரே ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் சம்பாதித்தால் அவனுக்கு, அவள் கொண்டுவந்த நகையும் ரொக்கமும் அவனுக்கு, நிலம் இருந்தால் அதன் வருமானம் அவன் கையில். அவள் பெயரில் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தம் போட முடியாது. பணக்கார அப்பாக்கள் மட்டும் ஈக்விட்டி நீதிமன்ற வழியில் டிரஸ்ட் எழுதி மகள் சொத்தை மருமகன் தொடாமல் காப்பாற்றினார்கள், துணி வெளுத்துச் சம்பாதித்தவளுக்கு அந்த வழி கிடையாது.

பிரபு என்று பெயர் வைத்துவிட்டதால் அடுத்த படியும் வந்தது. மனைவி கணவனைக் கொன்றால் அது வெறும் கொலை இல்லை, ‘பெட்டி ட்ரீசன்’, சின்ன ராஜத்துரோகம். தண்டனை எரிப்பது. எரிக்கும் தண்டனையை 1790இல் எடுத்தார்கள், குற்றப் பெயரை 1828இல் எடுத்தார்கள். கணவன் மனைவியைக் கொன்றால் சாதாரணக் கொலை.

உங்கள் கட்டுரையில் கரோலைன் நார்ட்டன் வருகிறாரா? வரவில்லை என்றால் ஆச்சரியம். கணவன் அடிப்பவன். அவர் 1836இல் பிரிந்து போனதும் மூன்று பையன்களையும் கணவன் எடுத்துக்கொண்டு பார்க்கவிடவில்லை, சட்டம் அவன் பக்கம். அதோடு நிற்காமல் பிரதமர் மெல்பர்னுடன் தொடர்பு என்று வழக்குப் போட்டுத் தோற்றான். அந்த வழக்கில் கரோலைன் ஒரு தரப்பே இல்லை, தன் பெயரைக் காப்பாற்ற வாய் திறக்க முடியாது, ஏனென்றால் மூடப்பட்டவள். அவர் எழுத்தாளர். எழுதிச் சம்பாதித்த பணமும் சட்டப்படி அவனுடையது. அவர் துண்டறிக்கை மேல் துண்டறிக்கையாக எழுதித் தள்ளியதில் 1839இல் குழந்தைகள் காவல் சட்டம் வந்தது, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்டு மனுப்போடலாம் என்று. அந்த அளவுக்குத்தான்.

அப்புறம் 1870இல் கூலியும் சம்பாத்தியமும் அவளுக்கே என்று ஒரு சட்டம், 1882இல் சொத்து முழுக்க அவள் பெயரில் வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொன்று. சொத்து விடுதலையாகிவிட்டது, ஆள் விடுதலையாகவில்லை. அதற்கு 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லங்காஷயரில் கிளித்தரோ என்ற ஊர், ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வெளியே வரும் எமிலி ஜாக்சன் என்ற பெண்ணை அவருடைய கணவனே ஆள் வைத்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் வீட்டில் பூட்டி வைத்துவிட்டான். சேர்ந்து வாழ உத்தரவு ஏற்கெனவே கையில் வைத்திருந்தான். கீழே இருந்த நீதிபதிகள் அவன் பக்கம் நின்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம்தான், கணவன் என்பதற்காக ஒரு பெண்ணைப் பூட்டி வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று சொல்லி எமிலியை விடுவித்தது. ஊர்க்காரர்கள் எமிலி பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் வீட்டுக்கு வெளியே கூச்சல் போட்டவர்கள் அவரைத் திட்டித்தான் போட்டார்கள்.

சேர்ந்து வாழ உத்தரவு போடும் அந்த வழக்கையே இங்கிலாந்து 1970இல் ஒழித்துவிட்டது. அங்கிருந்து இறக்குமதி செய்த நாம் இந்து திருமணச் சட்டம் 9ஆவது பிரிவாக இன்னும் வைத்திருக்கிறோம், மாதம் இரண்டு மனு என் மேஜைக்கே வருகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் மனைவி போடும் மனுவும் உண்டு. ஆனால் ஜீவனாம்ச வழக்கு வந்த அடுத்த வாரமே ‘என்னோடு வந்து வாழச் சொல்லுங்கள்’ என்று கணவன் தரப்பில் வரும் மனுதான் எனக்குப் பழக்கமானது.


சும்மா_சுப்பன்:

வக்கீல் சார், ஒரு ஆதாயமாவது பெண்களுக்கு இருந்ததா அந்தப் போர்வையில்?


கறுப்புக்கோட்டு:

இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். கணவன் பக்கத்தில் நிற்கும்போது மனைவி ஒரு குற்றம் செய்தால், அவன் சொல்லித்தான் செய்திருப்பாள் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். கொலை, ராஜத்துரோகம் போன்றவற்றுக்குச் செல்லாது, திருட்டு மாதிரிக் குற்றங்களுக்குச் செல்லும். அவளுக்குச் சொந்த மூளை கிடையாது என்ற அவமானத்துக்குக் கிடைத்த தள்ளுபடி. ஊகத்தை 1925இல் எடுத்துவிட்டு, வேண்டுமானால் அவளே நிரூபிக்கட்டும் என்று மாற்றினார்கள். அந்த மிச்சம் 2014 வரை உயிரோடு இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் பிரிட்டனில் ஒரு முன்னாள் அமைச்சரின் விவாகரத்தான மனைவி, கணவனாக இருந்தபோது அவர் வேகமாக ஓட்டியதற்கான அபராதப் புள்ளிகளைத் தன் தலையில் போட்டுக்கொண்ட வழக்கில் இதைச் சொல்லிப் பார்த்தார். ஜூரி ஏற்கவில்லை, அவர் பொருளாதார நிபுணர் வேறு.

எல்லாக் கணவன்மாரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1851இல் ஹாரியட் டெய்லரைக் கல்யாணம் செய்யும் முன்னால், சட்டம் தனக்குத் தரும் இந்த அதிகாரங்கள் எதுவும் தனக்கு வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வேண்டாம் என்று சொல்லிக் கழற்றி வைக்க முடியாத கிரீடம் அது.


வடமராட்சி_லண்டன்:

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் வந்துபோன ஆள் நான், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு விஷயம்.

முதலாவது, வக்கீல் அண்ணா இங்கிலாந்துக் கதையைச் சொன்னார், இங்கே இப்போது நடப்பதை நான் சொல்கிறேன். நான் லண்டனில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன், பொலிஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். 2015இல் இங்கே ஒரு சட்டம் வந்தது, ‘கோயெர்சிவ் கன்ட்ரோல்’ குற்றம், ஐந்து வருஷம் வரை மறியல், அதாவது சிறை. கைநீட்டி அடிக்காவிட்டாலும், காசைப் பிடுங்கி வைப்பது, ஃபோனைப் பார்ப்பது, ஆட்களோடு பழக விடாதது, எங்கே போனாய் எப்போது வந்தாய் என்று கணக்குக் கேட்பது, இதெல்லாம் தொடர்ந்து நடந்து அந்த ஆளைப் பாரதூரமாகப் பாதித்தால் குற்றம். கொள்ளிடக்கரை அக்காவின் கட்டுரையில் வருகிற அந்த அப்பாவை அப்படியே இதற்குள் இருத்திவிடலாம். சில்லறை எண்ணுகிறது உட்பட.

இந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல நான் படும் பாடு கொஞ்சமல்ல. ‘வற்புறுத்திக் கட்டுப்படுத்தல்’ என்று சொன்னால் முன்னால் இருக்கிற பொம்பிளை ‘இல்லை, அவர் என்னை வற்புறுத்துறதில்லை’ என்பார். அங்கேயே வழக்கு முடிந்துபோகும். அதனால் பொலிஸ்காரியிடம் நான் முதலே சொல்லிவிடுவேன், சொல்லை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள் என்று. உங்கள் பாங்க் கார்ட் யாரிடம்? ஊருக்கு அம்மாவோடு கதைக்கும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்வாரா? அப்போது எல்லாம் வரும். வந்த பிறகும், ‘எல்லா மனுசனும் அப்படித்தானே’ என்று ஒரு வரி முடிவில் இருக்கும். அந்த வரியையும் நான் ஆங்கிலத்தில் சொல்லத்தான் வேண்டும், அது என் வேலை.

இரண்டாவது, வாத்தியார் ஐயாவின் ‘வீட்டுக்காரர்’. எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு முதலில் வருகிற அர்த்தம் வீட்டின் சொந்தக்காரர்தான். புருசனை இவர், அவர், என்ரை மனுசன் என்போம். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அப்படிப் பார்த்தால் வீட்டுக்காரி அவள். ஆனால் தேசவழமை என்று எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கல்யாணம் செய்த பெண் தன் சொந்த வீட்டையோ காணியையோ விற்க வேண்டும் என்றால் கணவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அவளுடைய சீதனம், அவளுடைய தாய் தகப்பன் கொடுத்தது, கையெழுத்து அவருடையது. இது இன்றைக்கும் இருக்கிற சட்டம். விக்டோரியா மகாராணி செத்து எத்தனை வருஷம்?

எங்கள் சின்னம்மாவுக்கு நடந்தது. மனுசன் விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் பதினொரு வருஷம், கடிதம் இல்லை, காசு இல்லை. மகளின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்கப் போனார். நொத்தாரிசு உறுதியை, நீங்கள் பத்திரம் என்பீர்களே அதை, எழுத மாட்டேன் என்றுவிட்டார், அவரிலும் பிழையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு வாங்கலாம், வழி இருக்கிறது. ஆனால் அந்த வழிக்கு லோயருக்குக் காசு வேண்டும், காசுக்குத்தானே காணியை விற்கிறார். சின்னம்மா சொன்னார், ‘பதினொரு வருசமா ஒரு கறி சட்டிக்குள்ள கை வைக்காத மனுசன், உறுதிக்குள்ள மட்டும் இருக்கிறார்.’


சும்மா_சுப்பன்:

அக்கா, நான் முதலில் போட்ட பின்னூட்டத்தை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வேண்டாம், இருக்கட்டும், பதில்கள் புரிய அது வேண்டும்.

சொல்லுக்கு நானும் ஒரு யோசனை சொல்கிறேன். தம்பதியில் இருக்கும் பதியும் டெஸ்பாட்டில் இருக்கும் பாட்டும் ஒன்று என்றால் ‘பதியாட்சி’ என்று வைக்கலாமே. பதிவிரதைக்கு எதிரில் பதியாட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரே சிக்கல், நான் கன்னியாகுமரிக்காரன், எங்கள் ஊரில் பதி என்றால் அய்யாவழிக் கோயில். பதியாட்சி என்று தலைப்பில் பார்த்தால் எங்கள் பெரியப்பா நிர்வாகக் கமிட்டித் தகராறு என்று நினைத்துப் படிக்க ஆரம்பிப்பார்.


ஓய்வுபெற்ற_வாத்தியார்:

பதியாட்சி கெட்டிக்காரச் சொல்தான், ஆனால் ‘பதி’யை இப்போது தனியாக யாரும் புழங்குவதில்லை, வாசகன் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டிவரும். மூலத்தில் அந்த நொடி வேண்டும் என்று எழுதியவர் நினைத்தால் வைக்கலாம். புதுச் சொல் செய்கிறபோது நான் பார்ப்பது ஒன்றுதான், அதைக் கேட்டால் சமையலறையில் இருக்கிறவளுக்குப் புரியுமா? வடமராட்சித் தங்கச்சி சொன்ன ‘எல்லா மனுசனும் அப்படித்தானே’ என்ற வரிக்கு எதிரில் போய் நிற்கிற சொல்லாக இருக்க வேண்டும்.


கறுப்புக்கோட்டு:

ஒரு சின்ன எச்சரிக்கை, கொள்ளிடக்கரை அக்கா. கட்டுரையில் கவர்ச்சர் வருகிற இடத்திலும் மாரிட்டோடெஸ்பாட்டிசம் வருகிற இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். ஒன்று சட்டம், மற்றது குணம். சட்டம் போன பிறகும் குணம் போகவில்லை, அந்த அப்பா 1882க்கு எத்தனையோ காலம் பின்னால் வந்தவர். எழுதியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

இன்னொன்று, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் யாராவது எம்.டபிள்யூ.பி. ஆக்ட், அதாவது மணமான பெண்கள் சொத்துச் சட்டம், என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் 1870ஆம் வருஷச் சட்டத்தைப் பார்த்து 1874இல் இங்கே போட்டதுதான் அது. கணவன் எடுத்த பாலிசியை மனைவி பிள்ளைகள் பேரில் டிரஸ்ட்டாக வைத்தால் கடன்காரன் தொட முடியாது. கரோலைன் நார்ட்டன்கள் போட்ட கூச்சலின் ஒரு துண்டு நம் ஊர் பாலிசி பாரத்தில் ஒரு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. இது கேள்விக்கு வெளியே போகிறது, விட்டுவிடுகிறேன்.


கொள்ளிடக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் வைத்துவிட்டு நேற்று ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன். கவர்ச்சருக்கு ‘போர்த்துச் சட்டம்’ என்று போட்டு முதல் இடத்தில் மட்டும் ஒரு வாக்கியம் விளக்கம் கொடுத்திருக்கிறேன். வக்கீல் சார் சொன்ன மாதிரி இரண்டையும் பிரித்துவிட்டேன். கரோலைன் நார்ட்டன் கட்டுரையில் வருகிறார், எமிலி ஜாக்சன் வரவில்லை.

அந்தச் சொல்லுக்கு வாத்தியார் ஐயாவின் சமையலறைப் பரீட்சையை நிஜமாகவே நடத்திப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ‘கணவக் கொடுங்கோன்மை’ என்றேன், ‘யாரு, ராவணனா’ என்றார். ‘பதியாட்சி’க்குத் தலையே நிமிரவில்லை. ‘வீட்டுக்காரராட்சி’ என்றதும் கத்தி நின்றுவிட்டது. கூடத்தில் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, ‘மெதுவாப் பேசு’ என்றார்.

அதையே போட்டுவிட்டேன். இதழாசிரியர் ஓகே சொல்லிவிட்டார், ரகரம் அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது, நாக்கு இடறுகிறது என்ற புகாரோடு. வடமராட்சி அக்கா, உங்கள் பக்கத்து வாசகர்கள் இதை வாடகை வீட்டுக்காரரின் ஆட்சி என்று படித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்?


வடமராட்சி_லண்டன்:

படிக்கட்டும். சின்னம்மாவுக்கு அதுதான் சரியாகப் பொருந்தும். வாடகையும் தராத வீட்டுக்காரர்.